கவலை என்று விட்டுவிடாதீர்கள்



காணாமற்போன மகனைப் பற்றிய செய்தியொன்றைக் கேட்டதும் ஓர் அம்மா நெஞ்சைப் பிடித்தபடி சரிந்தார். "கவலைதான், தேத்தண்ணி குடுங்கோ" என்றார்கள் அயலவர்கள். நானும் அப்படியே நினைத்தேன். அது பிழை.

பெருந்துயரில் இதயத் தசையே தற்காலிகமாகச் சோர்ந்துவிடலாம். 1990ஆம் ஆண்டு ஜப்பானிய வைத்தியர்கள் இதற்கு 'தக்கோட்சுபோ' எனப் பெயரிட்டனர். பேய்க்கணவாய் பிடிக்கும் முட்டி என்பது பொருள். பாதிக்கப்படுவோரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் மாதவிடாய் நின்றவர்கள்.

ஈசிஜியும் இரத்தப் பரிசோதனையும் மாரடைப்பைப் போலவே காட்டும். ஆனால் அஞ்சியோகிராம் படத்தில் நோவுக்குக் காரணமான அடைப்பு இராது. எக்கோ படத்தில் இதயத்தின் நுனி முட்டிபோல உப்பி, சரிவர அசையாமல் தெரியும். எக்கோ ஒலியலையால் எடுப்பது, நோவில்லை.

முதல் நாட்கள் ஆபத்தானவை. தப்பியவர்களில் பெரும்பாலானோரின் இதயம் சில வாரங்களில் தேறிவிடும். அந்த அம்மாவுக்கும் அப்படித்தான். இரண்டாவது எக்கோவில் இதயம் வழமைபோல அடித்தது.

மாரடைப்பா, இதுவா என்று வீட்டிலிருந்து சொல்ல முடியாது. நெஞ்சு நோ, மூச்சுத் திணறல் வந்தால் தாமதியாமல் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். என்ன துயரம் நேர்ந்தது என்பதையும் வைத்தியரிடம் கூச்சமின்றிச் சொல்லுங்கள். அதுவும் நோயறிய உதவும்.