அருகிருக்கும் கைகள்

2024 பிப்ரவரி 10ஆம் நாள், அமெரிக்காவின் லிங்கன் நகரில் அமர்ந்திருந்த அறுவை மருத்துவர்கள், ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்த பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குள் ஒரு ரோபோவை இயக்கினார்கள். ‘ஸ்பேஸ்மைரா’ என்னும் அந்தக் கருவியின் எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. அதன் ஒரு கை ரப்பர் பட்டையைப் பற்றி இழுக்க, மறு கை அதைக் கத்தரித்தது. உடலும் இல்லை, உதிரமும் இல்லை. எனினும் மருத்துவ வரலாற்றில் அது குறிக்கத்தக்க நாள். அதற்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர்கள் நம் பாராட்டுக்கு முழுவதும் உரியவர்கள். அந்தப் பாராட்டோடு, தொலையறுவை பற்றிச் சில உண்மைகளையும் இப்போதே பேசியாக வேண்டும்.

அன்று மருத்துவரின் கையசைவுக்கும், அதன் விளைவு திரையில் தெரிவதற்கும் இடையே அரை நொடி முதல் முக்கால் நொடி வரை கழிந்தது. கேட்பதற்கு அற்பமான இடைவெளிதான். தையல் நூலைப் பிடித்திருக்கும் மருத்துவரின் இடத்திலிருந்து பார்த்தால் அதன் கடுமை விளங்கும். அவர் நூலை இழுக்கிறார். திரையில் அது தளர்ந்தே கிடக்கிறது. இன்னும் சற்று இழுக்கிறார். அதற்குள் அங்கே முடிச்சு இறுகி மென்தசையைக் கிழித்திருக்கும். இத்தகைய தாமதத்தில் சிக்கும் எவரும் சிறிது அசைத்து, நிறுத்தி, விளைவைப் பார்த்து, மீண்டும் அசைக்கும் முறைக்குத் தாமாகவே வந்துவிடுகிறார்கள் என்பதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 1960களிலேயே பதிவு செய்தனர். பொறுமையாகத் தைப்பதற்கு அந்த முறை உதவும். பீறிடும் இரத்தக் குழாயை அடைக்க அதற்கு நேரமிராது.

2001 செப்டம்பர் 7 அன்று நியூயார்க்கில் இருந்தபடி, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலிருந்த 68 வயதுப் பெண்மணியின் பித்தப்பையை டாக்டர் ழாக் மாரெஸ்கோ அகற்றியபோது, தாமதம் சுமார் 0.155 நொடியாகவே இருந்தது. அந்த அறுவைக்கெனவே தனி ஒளியிழைத் தடம் ஒதுக்கப்பட்டிருந்தது. பாலைவனத்துக்கும் பனிவெளிக்கும் நடுக்கடலுக்கும் அத்தகைய தடம் கிடையாது. அங்கே செயற்கைக்கோளே துணை. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்து நிலைவட்டச் செயற்கைக்கோள் வழியாகச் சமிக்ஞை போய்த் திரும்பவே அரை நொடி ஆகிறது. நிலவுக்கு ஒளி சென்று மீள இரண்டரை நொடி. செவ்வாய்க்குப் பல நிமிடங்கள். எந்தப் பொறியியல் திறனாலும் ஒளியை விரைவுபடுத்த இயலாது. மருத்துவர் எங்கே அரியவரோ, அங்கேதான் இணைப்பும் மெலிந்திருக்கிறது. தொலையறுவையின் அடிப்படைச் சிக்கல் இதுவே.

கருவியின் பாடு வேறு. பெருநகர மருத்துவமனைகளில் நாம் காணும் அறுவை ரோபோக்கள் குளிரூட்டிய அறையையும், இடையறாத மின்சாரத்தையும், அசையாத தரையையும் நம்பிப் படைக்கப்பட்டவை. நோயாளியின் அருகே நிற்கும் பகுதி மட்டுமே அரை டன்னைத் தாண்டுவதுண்டு. அவற்றைத் தூசுக்கும் வெயிலுக்கும் பழக்கும் முயற்சி இன்று நேற்றுத் தொடங்கியதன்று. 2006 ஜூன் மாதம், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் தங்கள் ‘ரேவன்’ ரோபோவைக் கலிபோர்னியாவின் சிமி பள்ளத்தாக்கில் வறண்ட வெட்டவெளிக்குக் கொண்டு சென்றனர். கூடாரத்தின் நிழலில் கருவி, மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்து, இயக்குபவருக்கும் கருவிக்கும் இடையிலான இணைப்பு, தலைக்கு மேல் வட்டமிட்ட ஆளில்லா விமானத்தின் வழியாக. மறு ஆண்டில், எடையின்மையை உண்டாக்கும் விமானத்தில் ‘எம்7’ என்ற ரோபோ சோதிக்கப்பட்டது. விமானத்தின் குலுக்கலை உணர்ந்து, தன் கையசைவைத் தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாடு அதில் இருந்தது.

இவற்றினும் நமக்கு அதிகம் கற்பிப்பவை கடலடிச் சோதனைகள். புளோரிடாவின் கீ லார்கோ அருகே, ஏறத்தாழ 19 மீட்டர் ஆழத்தில் உள்ள ‘அக்வேரியஸ்’ உறைவிடத்தை விண்கலத்துக்கு நிகராகக் கொண்டு நாசா நடத்தியவை அவை. 2004இல், கனடாவின் ஹாமில்டன் நகரிலிருந்து டாக்டர் மெஹ்ரான் அன்வரி வழிகாட்ட, அறுவைப் பயிற்சி இல்லாத குழுவினரும் மாதிரிகளின் மீது சிகிச்சை முறைகளைச் செய்து பார்த்தனர். 2006இல் அந்தக் குறுகிய அறைக்குள் குழுவினரே ரோபோவைப் பொருத்தி நிறுத்தினர். நிலவுத் தொலைவுக்குரிய தாமதத்தோடு அது இயக்கிப் பார்க்கப்பட்டது. திருகாணி முடுக்கியதும், கேமராவைத் திருப்பியதும், கருவி நின்றுபோனால் காரணம் தேடியதும் கடலடியில் இருந்த மனிதர்களே.

1961இல் அண்டார்க்டிகாவின் நோவோலாசரெவ்ஸ்கயா நிலையத்தில், அங்கிருந்த ஒரே மருத்துவரான 27 வயது லியோனித் ரோகோசோவ் தம் குடல்வாலைத் தாமே அறுத்து அகற்றினார். அவர் துணிவை உலகம் இன்றளவும் வியக்கிறது. அன்று அவருக்குக் கருவிகளை எடுத்துக் கொடுத்தவர் ஒரு வானிலையாளர். கண்ணாடி பிடித்து நின்றவர் ஓர் எந்திரப் பணியாளர். அவ்விருவரையும் நினைப்பவர் சிலரே. நம் நாட்டின் மைத்ரி நிலையமும் அதே பாறைவெளியில், அதற்கு அண்மையில்தான் இருக்கிறது. நாளை அங்கே ஒரு ரோபோவை நிறுத்தினாலும், மயக்க மருந்து கொடுப்பது யார்? மூச்சுக் குழாயைச் செருகுவது யார்? இணைப்பு அறுந்த நொடியில் வயிற்றைத் திறந்து, இரத்தப் போக்கைக் கையால் அழுத்திப் பிடிப்பது யார்?

இதற்குச் செயலில் விடை கண்ட இடம் கனடாவின் நார்த் பே. அன்வரி 2003 முதல், சுமார் 400 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஹாமில்டனிலிருந்து அவ்வூர் மருத்துவமனை நோயாளிகளுக்கு இருபதுக்கும் மேற்பட்ட அறுவைகளில் பங்கேற்றார். காட்சிக்காக ஒருநாள் நிகழ்த்தப்பட்டதன்று. முறையான மருத்துவப் பணியாகவே அது நடந்தது. அங்கே படுக்கையருகே உள்ளூர் அறுவை மருத்துவர் நின்றார். எந்நேரமும் பொறுப்பேற்க வல்லவராக நின்றார். வல்லுநரின் திறன் அவருக்கும் படிப்படியாகக் கைவந்தது. ஆனால் அவர்கள் கையாண்ட ‘ஸீயஸ்’ ரோபோவைச் செய்த நிறுவனம் அதே ஆண்டில் போட்டி நிறுவனத்தோடு இணைக்கப்பட, நாளடைவில் அந்த வகையே கைவிடப்பட்டது. ஓர் ஊரின் மருத்துவம் ஒரு வணிக உடன்பாட்டால் நின்றுபோகக் கூடாது. உதிரிப் பாகமும் பராமரிப்பும் இத்தனை ஆண்டுகளுக்கு உறுதி என்ற ஒப்பந்தமின்றி, அரசுகள் இத்தகைய கருவியை வாங்குவது தகாது.

இந்தியாவும் இத்துறையில் பின்தங்கவில்லை. 2018 டிசம்பரில் டாக்டர் தேஜஸ் படேல், காந்திநகரிலிருந்து 32 கிலோமீட்டர் தொலைவில் அகமதாபாதில் இருந்த நோயாளிக்கு இதயக் குழாய் அடைப்பை நீக்கினார். 2025 தொடக்கத்தில் குருகிராமிலிருந்து ஜெய்ப்பூருக்கு இதய அறுவையே நடந்தது. பெருமைப்படத்தக்க சாதனைகள். ஆயினும் இரு முறையும் நோயாளி இருந்தது வசதி நிறைந்த மருத்துவமனையிலேயே. இனி வரும் முயற்சிகள் மலையுச்சிக்கும் தீவுக்கும் மின்வெட்டுக்குப் பழகிய சிற்றூருக்கும் செல்லவேண்டும். செலவின் பெரும்பங்கு கருவிக்குப் போய், அங்கே மயக்க மருத்துவர் பணியிடம் காலியாகவே கிடக்குமானால் அந்த முயற்சியை நாம் ஆதரிக்க மாட்டோம்.

சட்டமும் ஆயத்தமாக வேண்டும். ரேவன் ரோபோவின் கட்டளைகளில் வெளியார் குறுக்கிட முடியும் என்பதை வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்களே 2015இல் காட்டினர். அறுவையின் நடுவே தீங்கு நேர்ந்தால், தொலைவிலிருந்த மருத்துவர், அருகிலிருந்தவர், இணைப்பு வழங்கியவர், கருவியைச் செய்தவர் ஆகியோரில் யார் எவ்வளவு பொறுப்பு என்பதை நோயாளி கையொப்பமிடும் முன்பே சட்டம் வரையறுத்துச் சொல்லவேண்டும். உரிமம் வழங்கும் அதிகாரிகள் ஒரு சோதனையைக் கட்டாயமாக்க வேண்டும்: ஒத்திகை அறுவையின் நடுவே, முன்னறிவிப்பின்றி இணைப்பைத் துண்டிக்கட்டும்; அங்கு நிற்பவர்கள் தாமாகவே அறுவையைப் பாதுகாப்பாக முடித்துக் காட்டட்டும். அதில் தேறாத எந்த மருத்துவமனைக்கும், எந்த முகாமுக்கும், எந்த ஆய்வு நிலையத்துக்கும் தொலையறுவைக்கு அனுமதி தரலாகாது.