மூன்று லட்ச ரூபாய் கீபோர்டில் எதற்கு விலை கொடுக்கிறோம்?

வீட்டில் சிறிய இசை ஸ்டுடியோ அமைக்க வேண்டும், எந்த சிந்தசைசர் வாங்கலாம்? சாப்ட்வேர் துறையில் வேலை பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் கீபோர்ட் வாசிக்கும் என்னிடம் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு முடிவோடுதான் வருகிறார்கள். யமஹா மான்டேஜ், ரோலண்ட் பான்டம், கோர்க் நாட்டிலஸ் என்று மூன்று பெயர்களைச் சொல்லி, இதில் எது என்று மட்டும் கேட்பார்கள். இந்த வகைக் கருவிகளின் விலை ஏறத்தாழ இரண்டு லட்ச ரூபாயில் தொடங்குகிறது. பெரிய மாடல்கள் நான்கு லட்சத்தையும் தாண்டும்.

நானும் இதே கேள்வியோடு கடை ஏறியவன்தான். மூன்று வருடம் சேர்த்த மூன்று லட்ச ரூபாய் கையில் இருந்தது. ஆனால் அந்த மூன்றில் எதையும் வாங்காமல் புதுப்பட்டினத்திற்குத் திரும்பி வந்தேன். ஏன் என்று சொல்வதற்கே இந்தக் கட்டுரை. வீட்டில் நல்ல கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள், உச்ச விலை சிந்தசைசரை அதில் உள்ள ஒலிகளுக்காக வாங்கக் கூடாது என்பது என் கருத்து. அதற்கான காரணங்களைப் பார்ப்போம்.

உள்ளே இருப்பதும் கம்ப்யூட்டர்தான்

சிந்தசைசர் என்றதும் ஏதோ தனி உலகத்துப் பொருள் என்று நினைக்கிறோம். கோர்க் நிறுவனம் 2005ல் ஓயாசிஸ் என்ற கீபோர்டை வெளியிட்டது. அதன் உள்ளே இருந்தது 2.8 கிகா ஹெர்ட்ஸ் பென்டியம் 4 பிராசசர். இயங்கியது லினக்ஸில். 2011ல் வந்த குரோனோஸ் கீபோர்டில் இன்டெல் ஆட்டம் பிராசசரும் எஸ்.எஸ்.டி. டிரைவும் இருந்தன. அதுவும் லினக்ஸ்தான். சுவிட்ச் போட்டால் அது பூட் ஆகி வாசிக்கத் தயாராவதற்குச் சுமார் இரண்டு நிமிடம் ஆகும். நடுவில் கரண்ட் போனால் மறுபடியும் முதலில் இருந்து காத்திருக்க வேண்டும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாம் வாங்குவது சாப்ட்வேர், அதை இயக்கும் ஒரு கம்ப்யூட்டர், அதன் மேல் பொருத்தப்பட்ட கட்டைகள் என்ற மூன்றும் சேர்ந்த பெட்டி என்பது புரிய வேண்டும். இந்த மூன்றும் ஒரே வேகத்தில் பழையதாவதில்லை. பிராசசர் ஐந்தாறு வருடத்தில் பழையதாகிவிடும். சாப்ட்வேர் அதற்கு முன்பே பழையதாகிவிடும். நல்ல கட்டைகள் இருபது வருடமும் உழைக்கும். அப்படியானால் நம் பணம் எதில் அதிகம் போக வேண்டும்?

ஒலிகள் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டன

1983ல் யமஹாவின் டி.எக்ஸ்.7 வந்தது. எண்பதுகளின் பாடல்களில் கேட்கும் மணி போன்ற எலக்ட்ரிக் பியானோ ஒலியை உலகெங்கும் பரப்பியது அதுதான். இன்று டெக்ஸ்ட் என்ற இலவச சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்தால், அந்த ஒலிகளை உங்கள் கம்ப்யூட்டரிலேயே உருவாக்கலாம். 1988ல் கோர்க் எம்1 வந்தது. ஒலி, டிரம்ஸ், எபெக்ட், எட்டு டிராக் சீக்வென்சர் எல்லாம் ஒரே கருவியில் இருந்ததால் ஒர்க்ஸ்டேஷன் என்ற சொல்லைப் பிரபலமாக்கியது. அந்த எம்1, அதன் பிறகு 1999ல் வந்த டிரைட்டன் இரண்டையும் கோர்க் நிறுவனமே இன்று சாப்ட்வேராக விற்கிறது.

பழையவை மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். யமஹா 2023ல் மான்டேஜ் எம் வரிசையை அறிமுகப்படுத்தியது. அதை வாங்கிப் பதிவு செய்தவர்களுக்கு, அதே கீபோர்டின் சாப்ட்வேர் வடிவத்தையும் கம்ப்யூட்டரில் பயன்படுத்தத் தருகிறது. இது நல்ல வசதி. ஆனால் ஒலி என்பது அந்தப் பெட்டிக்குள் மட்டுமே இருக்கும் ரகசியம் அல்ல என்று தயாரித்தவர்களே ஒப்புக்கொண்டதாகவும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

கடையில் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். நாற்பது நிமிடம் வாசித்தேன். அதில் முப்பத்தைந்து நிமிடம் ஒலிகளை மாற்றி மாற்றிக் கேட்டதில் போயிற்று. ஒரு பட்டனை அழுத்தினால் மழை பெய்வது போல ஒரு ஒலி. அடுத்ததை அழுத்தினால் முழு ஆர்கெஸ்ட்ரா. ஒரே ஒரு விரலை வைத்தாலே படத்தின் டைட்டில் மியூசிக் மாதிரி இருந்தது. ஆனால் நான் ஒரு பாட்டைக் கூட முழுதாக வாசிக்கவில்லை. பஸ்ஸில் வீடு திரும்பும்போதுதான் இது உறைத்தது.

கம்ப்யூட்டரில் வாசித்தால் தாமதம் ஆகாதா?

கட்டையை அழுத்திய பிறகு ஒலி வர நேரமாகும் என்பது சாப்ட்வேர் சிந்தசைசர் மீது சொல்லப்படும் முதல் குற்றச்சாட்டு. சவுண்ட் கார்டின் பழைய டிரைவரில் இது உண்மை. சரியான ஆடியோ இன்டர்பேசும் ஆசியோ டிரைவரும் இருந்தால் கணக்கு வேறு. நொடிக்கு 44,100 சாம்பிள் என்ற வேகத்தில் பபர் அளவை 512 சாம்பிள் என வைத்தால், அதனால் வரும் தாமதம் 11.6 மில்லி செகண்ட். 128 என வைத்தால் 2.9 மில்லி செகண்ட்தான்.

ஒலி காற்றில் ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 சென்டி மீட்டர் செல்லும். அதாவது 11.6 மில்லி செகண்ட் என்பது நான்கு மீட்டர் தள்ளி வைத்த ஸ்பீக்கரைக் கேட்பது போன்றது. 2.9 என்பது ஒரு மீட்டர். டிரைவரும் இன்டர்பேசும் இதற்கு மேல் கொஞ்சம் சேர்க்கும். என்றாலும் வீட்டில் வாசிக்க இது போதும்.

ரஹ்மான் வீட்டில்தானே செய்தார்?

இதைச் சொன்னால் உடனே வரும் பதில் ஏ.ஆர். ரஹ்மான். 1989ல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டின் பின்புறம் பஞ்சதன் ரெக்கார்ட் இன் ஸ்டுடியோவை அமைத்தார். 1992ல் ரோஜா வந்தது. சிந்தசைசர்கள் நிறைந்த அந்த அறையைப் பார்த்தே நம்மில் பலருக்கு ஹோம் ஸ்டுடியோ ஆசை வந்தது.

ஆனால் இரண்டு விஷயங்களை மறந்துவிடுகிறோம். முதலாவது, 1989ல் வீட்டுக் கம்ப்யூட்டரால் நல்ல தரமான இசை ஒலியைத் தானே உருவாக்க முடியாது. மிடி மூலம் கருவிகளுக்குக் கட்டளை மட்டுமே தர முடியும். ஒலிக்கு கருவி வாங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. இரண்டாவது, ஸ்டுடியோ கட்டும் முன்பே அவர் பல வருடம் இளையராஜா உள்ளிட்ட இசையமைப்பாளர்களிடம் கீபோர்ட் வாசித்துப் பழகிய கை. தந்தை ஆர்.கே. சேகர் மறைந்த பிறகு, அவருடைய இசைக் கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. அந்த வீட்டில் கீபோர்ட் என்பது அலங்காரப் பொருளாக இருந்ததில்லை. நாம் கருவிகளை மட்டும் பார்க்கிறோம். கையை விட்டுவிடுகிறோம்.

கம்ப்யூட்டரால் தர முடியாதது

அப்படியானால் எதற்குப் பணம் கொடுக்கலாம்? கைக்கும் கருவிக்கும் நடுவில் இருப்பவற்றுக்குக் கொடுக்கலாம்.

ஒரு சோதனை செய்தேன். ஒரே மெட்டை மூன்று விதமாகப் பதிவு செய்தேன். முதலாவது நண்பர் ஒருவரின் விலை உயர்ந்த ஒர்க்ஸ்டேஷன். இரண்டாவது விலைக்கு வாங்கிய சாப்ட்வேர். மூன்றாவது இலவச சாப்ட்வேர். எது எது என்று சொல்லாமல் அம்மாவுக்கும், எங்கள் ஊர் சர்ச்சில் வாசிக்கும் நண்பருக்கும் போட்டுக் காட்டினேன். இரண்டு பேராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அம்மா இலவசத்தையே நன்றாக இருக்கிறது என்றார். பிறகு நண்பரை என் பழைய மிடி கீபோர்டில் வாசிக்கச் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் கையை எடுத்துவிட்டார். "சவுண்டெல்லாம் ஓகேடா. ஆனா கீ என் கை சொல்றதைக் கேக்க மாட்டேங்குது" என்றார்.

காதை ஏமாற்றலாம். விரலை ஏமாற்ற முடியாது. எனவே வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது கட்டைகள். மெதுவாக அழுத்தும்போது மெதுவான ஒலி சீராக வருகிறதா? ஒரே கட்டையை வேகமாகத் திரும்பத் திரும்பத் தட்டினால் விடுபடுகிறதா? கருப்புக் கட்டையின் உள்பகுதியில் அழுத்தினாலும் அதே எடை தெரிகிறதா? இந்த மூன்றையும் ஒலியை அணைத்துவிட்டே பாதி சோதித்துவிடலாம்.

அடுத்தது பிட்ச் பெண்ட். மேல்நாட்டு விமர்சனங்களில் இதை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். நமக்கு அப்படி முடியாது. ஒரு ஸ்வரத்தை அசைக்காமல் நேராக வாசித்தால் தோடி தோடியாக இருக்காது. கீபோர்டில் கர்நாடக இசை வாசிக்கும் கே. சத்தியநாராயணன், கமகங்களை பிட்ச் பெண்ட் கொண்டே வரவழைக்கிறார். யமஹாவில் இதற்குச் சக்கரம் இருக்கிறது. ரோலண்டில் பக்கவாட்டில் தள்ளும் லீவர். கோர்க்கின் பெரிய மாடல்களில் ஜாய்ஸ்டிக். எது உங்கள் இடது கைக்குப் படிகிறது என்பதை வாசித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இதில் தொழில்நுட்பமும் உண்டு. 1983ல் வந்த மிடி முறையில் பெரும்பாலான கட்டளைகளுக்கு 128 படிகள்தான். பிட்ச் பெண்டுக்கு மட்டும் 16,384 படிகள். நுணுக்கம் போதும். ஆனால் அந்தக் கட்டளை ஒரு சேனல் முழுவதற்கும் பொருந்தும். ஒரு ஸ்வரத்தை அசைத்தால் கூடவே பிடித்திருக்கும் எல்லா ஸ்வரமும் அசையும். இதற்குத் தீர்வாக 2018ல் எம்.பி.இ. என்ற முறை மிடியில் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனிச் சேனல் தருவதால், ஒவ்வொரு விரலும் தனித்தனியாக அசைக்கலாம். ரஹ்மான் மேடைகளில் வாசித்த ஹேக்கன் கன்டினுவம் கருவியில் கட்டைகளே இல்லை. விரலை வழுக்கியே வாசிக்க வேண்டும். கமகம் உங்களுக்கு முக்கியம் என்றால், ஆயிரம் ஒலிகளை விட எம்.பி.இ. கருவி ஒன்று அதிகம் உதவும்.

கடலோரத்து வீட்டுக்கு ஒரு வார்த்தை

புதுப்பட்டினம் கடலை ஒட்டிய ஊர். இங்கே சைக்கிள் செயின் முதல் கம்ப்யூட்டர் கேபினெட்டின் ஸ்குரூ வரை உப்புக் காற்று எதையும் விடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழைய ஒர்க்ஸ்டேஷன் ஒன்றை ஒருவரிடம் வாங்கினேன். இரண்டு மழைக்காலம் தாண்டியது. மூன்று கட்டைகள் ஒலிக்கவில்லை. நான்கு கட்டைகள் மெதுவாகத் தொட்டாலும் அலறின. கட்டைக்கு அடியில் உள்ள கான்டாக்ட் பகுதி கெட்டுவிட்டது. போர்வையில் சுற்றி, கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸில் ஏற்றி, சென்னைக்குக் கொண்டுபோனேன். அந்த மாடலுக்கு உதிரி பாகம் வருவதில்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குக் கொடுத்த பணம் அன்றோடு போயிற்று.

அன்று கற்ற பாடம் இது. எல்லாம் ஒரே பெட்டியில் இருந்தால், ஒன்று கெட்டாலும் எல்லாம் நிற்கும். கட்டை தனி, ஒலி தனி என்று இருந்தால் கெட்டதை மட்டும் மாற்றலாம். எடையையும் யோசியுங்கள். 2016ல் வந்த மான்டேஜின் 88 கட்டை மாடல் 29 கிலோ. அதை ரிப்பேருக்குத் தூக்கிச் செல்ல இரண்டு ஆள் வேண்டும். எந்தக் கருவி வாங்கினாலும் வாசித்து முடித்ததும் துணியால் மூடுங்கள். பெட்டியில் சிலிகா ஜெல் பாக்கெட் போடுங்கள். ஜன்னலுக்கு எதிரில் வைக்காதீர்கள். கம்ப்யூட்டருக்கு யு.பி.எஸ். வைப்பது போல இதற்கும் வையுங்கள்.

யார் வாங்கலாம்?

உச்ச விலைக் கருவியே வேண்டாம் என்று சொல்லவில்லை. திருவிழா, கல்யாணம் என்று லைட் மியூசிக் கச்சேரிக்கு அடிக்கடி போகிறவர் தாராளமாக வாங்கலாம். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கும் சில நொடிகளில் ஒலியை மாற்ற வேண்டும். அங்கே லேப்டாப்பில் அப்டேட் செய்தி வந்து நின்றால் மானம் போய்விடும். அவருக்கு அந்தக் கருவி தன் விலையைச் சம்பாதித்துத் தந்துவிடும். அதேபோல, மான்டேஜ் எம்8எக்ஸ் மாடலில் ஒவ்வொரு கட்டையும் அழுத்தத்தைத் தனித்தனியே உணரும். அந்தக் கட்டைகளுக்காகவே வாங்குகிறேன் என்பவரோடும் எனக்குச் சண்டை இல்லை. அவர் எதற்கு விலை கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கிறார்.

என்னைப் போல இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிந்து வந்து, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் வாசிப்பவருக்குத் தேவை வேறு. நான் வாங்கியது எடை உள்ள 88 கட்டைகள் கொண்ட ஒரு மிடி கீபோர்ட், ஓர் ஆடியோ இன்டர்பேஸ், நல்ல ஹெட்போன், ஒரு சாப்ட்வேர். எல்லாம் சேர்த்தும் மூன்று லட்சத்தில் பாதி கூட ஆகவில்லை. மீதிப் பணத்தில் ஒரு பகுதியை வாரம் ஒருமுறை கீபோர்ட் வகுப்புக்குக் கட்டுகிறேன். இருபத்தெட்டு வயதில் பள்ளிச் சிறுவர்களோடு உட்கார்ந்து சரளி வரிசை வாசிக்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஆனால் சென்ற மாதம் ஒரு பாட்டை முதல் முறையாக ஆரம்பம் முதல் கடைசி வரை நிறுத்தாமல் வாசித்தேன். பயன்படுத்தியது ஒரே ஒரு பியானோ ஒலி. நீங்களும் கடைக்குப் போகும்போது, பட்டன்களைத் தொடும் முன் உங்களுக்குத் தெரிந்த ஒரு பாட்டை ஒரே ஒலியில் முழுதாக வாசித்துப் பாருங்கள். பணத்தை எடுப்பதா வேண்டாமா என்பதை அதன் பிறகு முடிவு செய்யுங்கள்.