மிளகுக்கு ஒரு வேலி

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள், அருவியில் நீராடிய தலை உலருமுன் கடைவீதிக்கு வந்துவிடுகிறார்கள். மிளகு, கிராம்பு, ஏலம் என்று பொட்டலங்கள் கட்டப்படுகின்றன. "இது இந்த மலைச் சரக்குதானே?" என்று கேட்காதவர் இல்லை, "ஆமாம்" என்று சொல்லாத கடைக்காரரும் இல்லை! கிராம்பு மரமே 1800-ஐ ஒட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் வைத்த தோட்டத்தின் வழியாக நம் தேசத்துக்கு வந்த விருந்தாளிதான். அது கிடக்கட்டும். நாம் சொல்ல வந்தது மிளகைப் பற்றி.

அயல்நாட்டு மிளகுக்கு இந்தியா நெடுங்காலம் விதித்து வந்த பொதுத் தீர்வை நூற்றுக்கு 70. இலங்கைக்குச் சலுகை உண்டு. 2000 மார்ச்சில் அமலுக்கு வந்த இரு நாட்டு ஒப்பந்தத்தின் கீழ் ஆண்டுக்கு 2,500 டன் வரை தீர்வையே இல்லை. அதற்கு மேற்பட்டதற்குத் தெற்காசிய ஒப்பந்தத்தின்படி நூற்றுக்கு 8. எழுபதுக்கும் எட்டுக்கும் நடுவே அவ்வளவு பெரிய சந்து இருந்தால், அதில் யாரேனும் நுழையப் பார்ப்பது உலக இயல்பல்லவா? வியட்நாம் மிளகு கொழும்பில் இறங்கி, இலங்கைச் சரக்கென்று பெயர் மாற்றிக்கொண்டு வருவதாகக் குடகிலும் கேரளத்திலும் குடியானவர்கள் முறையிட்டார்கள். விலையும் சரிந்தது. 2017 டிசம்பரில் நம் சர்க்கார், கிலோ 500 ரூபாய்க்குக் குறைந்த மிளகு உள்ளே வரலாகாதென்று வேலி போட்டார்கள்.

வேலியின் இந்தப் பக்கத்தை நாம் அறிவோம். தென்காசியிலிருந்து புளியரை தாண்டி ஆரியங்காவுக் கணவாய் ஏறினால், மரந்தோறும் மிளகுக் கொடிதான். அந்தக் கொடிக்காரர் பிழைக்க வேண்டாமா என்று கேட்டால், வேண்டும் என்பதே நம் பதில்.

அந்தப் பக்கத்தில் இருப்பவர் யார்? மாத்தளையிலும் கண்டியிலும் வீட்டுத் தோட்டத்தில் சில கொடிகள் வைத்திருப்பவர். அவருடைய நாட்டு மிளகில் பெரும்பகுதியை வாங்குவது இந்தியா ஒன்றே. தீர்வையை வாங்குகிறவர் கொடுப்பதாகப் பாடப்புத்தகம் சொல்லும். பல சந்தைகள் உள்ளவனுக்கு அது சரி. ஒரே சந்தையை நம்பியவன், தன் விலையைத் தாழ்த்தித் தீர்வையைத் தானே சுமக்கிறான். அப்படியாவது சரக்கை விற்கலாம். ஆனால் குறைந்தபட்ச விலை என்னும் வேலியோ அந்த வழியையும் அடைத்துவிடுகிறது. விலையைத் தாழ்த்தத் தாழ்த்த அது இன்னும் உறுதியாக நிறுத்தப்படும்! தீர்வையில்லா ஒப்பந்தம் காகிதத்தில் இருந்தும் பயனில்லை. வேடிக்கை என்னவென்றால், மிளகுச் சாறு எடுத்து ஏற்றுமதி செய்யும் நம் ஆலைகளுக்கு மட்டும் பின்னர் வேலியில் திட்டிவாசல் திறந்துவிட்டார்கள். காரம் மிகுந்த இலங்கை மிளகு அவர்களுக்கு வேண்டியிருக்கிறதே!

பெரிய சந்தைக்காரர் எல்லோரும் இப்படித்தான். 2025 ஏப்ரலில் அமெரிக்கா, மடகாஸ்கர் சரக்குகளுக்கு நூற்றுக்கு 47 தீர்வை என்று அறிவித்தது. அந்தத் தீவின் முக்கியச் சரக்கு வனிலா. அமெரிக்கப் பண்ணைகளில் அதற்குப் போட்டியாக விளைவது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. எந்தக் குடியானவரைக் காக்க அந்த வரி? பின்னர் அதைக் குறைத்தார்கள் என்பது வேறு விஷயம்.

1896-இல் லங்காஷயரின் நலனுக்காக நம் ஆலைத் துணிக்கு நூற்றுக்கு மூன்றரை உள்நாட்டுத் தீர்வை சுமத்தப்பட்டதை நாம் இன்னும் பள்ளிக்கூடத்தில் ஆத்திரத்தோடு சொல்லிக் கொடுக்கிறோம். வலியவன் எழுதும் வரிச் சட்டம் எளியவன் வீட்டு அடுப்புவரை எட்டும் என்பது நமக்குப் பட்டுத் தெரிந்தது. இப்போது மிளகு விஷயத்தில் வலியவர் நாமே.

கள்ளச் சரக்கைத் தடுக்க வேண்டுமானால், அது விளைந்த இடத்தைத் துறைமுகத்தில் கண்டிப்பாய்ச் சோதிக்கட்டும். மாத்தளையில் மெய்யாகவே விளைந்த 2,500 டன்னுக்கு விலை வேலி வேண்டாம். மேற்கொண்டு வேலி வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்; மிளகுக் கொடி நட்டுக் காய்க்க மூன்று வருஷமாகிறது, சர்க்கார் அறிவிப்புக்கோ ஓர் இரவு போதும்.