ஆடாத மேடை

குஜராத் கடலோரத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை. வருடம் 2004, மே மாதம். தண்ணீர் தள்ளும் பெரிய பம்பு ஒன்றின் கான்கிரீட் மேடை ஆடுகிறது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் போய்ச் சேருவதற்குள் கட்டட கான்ட்ராக்டர் ஒருவர் வந்து, மேடையைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார். பம்பை நிறுத்த வேண்டும், மேடையை உடைக்க வேண்டும், புதிதாக வார்த்து இறுகவிட வேண்டும். குறைந்தது மூன்று வாரம் உற்பத்தி கிடையாது.

சாட்சி, கம்ப்யூட்டர் திரை. பம்பின் இரண்டு முனைகளிலும் தண்டு எவ்வளவு அசைகிறது என்று பார்க்க ஆளுக்கொரு சென்சார் வைத்திருந்தார்கள். திரையில் இரண்டு கோடுகள், அழகான அலைகள். இரண்டு விநாடிக்கு ஒரு தடவை மேலே போய்க் கீழே வந்தன. இரண்டும் சேர்ந்தே போயின, சேர்ந்தே வந்தன.

"ரெண்டு முனையும் ஒண்ணா ஆடுது சார். அப்படின்னா அடியில இருக்கிறதுதானே ஆடணும்?" என்றார் மேனேஜர். கோயமுத்தூர்க்காரர், இருபது வருடமாக அந்த ஊரில். அவருடைய தர்க்கத்தில் ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை. அரைநாள் நானும் மேடையின் போல்ட்டுகளைத் தட்டிக்கொண்டு திரிந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். டீ கிளாஸை மேடைமேல் வைத்துப் பார்த்தேன். டீயின் மேல் பொடி அலைகள் நடுங்கின. ஆனால் இரண்டு விநாடிக்கு ஒருமுறை சாய்கிற ஆட்டம் இல்லை. "மைக்ரான் கணக்கு சார், கண்ணுக்குத் தெரியாது" என்றார் மேனேஜர். அதுவும் நியாயம்தான்.

சாயங்காலம் ஏழரை மணிக்கு விஷயம் மாறியது. ஆட்டம் வேகமாகிவிட்டது. கடிகாரத்தை வைத்து எண்ணினேன். பத்து விநாடியில் ஐந்து தடவை ஆடியது இப்போது பதின்மூன்று தடவை ஆடுகிறது. கான்கிரீட் மேடைக்கு விளக்கு வைக்கும் நேரம் எப்படித் தெரியும்?

கன்ட்ரோல் ரூமில் மின்சாரத்தின் ஃப்ரீக்வென்ஸியைக் காட்டும் மீட்டர் 49.2 என்றது. அந்த வருடங்களில் மேற்கு மாநிலங்களின் மின்தொகுப்பு, ஊரெல்லாம் விளக்குப் போடும் நேரத்தில் 50-லிருந்து இப்படி இறங்குவது சகஜம். பம்பின் மோட்டார் மின்சாரத்தோடு ஓடுவது. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் தண்டு விநாடிக்குச் சுமார் 49.5 சுற்று. மின்சாரம் 49.2 என்றால் தண்டு 48.7. நான் எண்ணிய ஆட்டமோ பகலில் விநாடிக்கு 0.5, இப்போது 1.3. கூட்டிப் பாருங்கள். 49.5-ம் 0.5-ம் 50. 48.7-ம் 1.3-ம் 50. இரண்டு வேளையும் பிசகாமல் அதே 50.

அந்த 50 எங்கிருந்து வந்தது என்று தேடினால் போதும். கம்ப்யூட்டருக்குள் ஒரு கார்டு செருகியிருந்தது. சென்சார்களிலிருந்து வரும் வோல்ட்டேஜை வாங்கி எண்ணாக மாற்றிக் கொடுக்கிற கார்டு. எங்கள் தொழிலில் டேட்டா அக்விசிஷன் கார்டு என்போம். அதன் செட்டிங்கில், விநாடிக்கு 800 சாம்பிள் என்று போட்டிருந்தது. 800 தாராளம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் இந்த மாதிரி கார்டுகளில் பெரும்பாலானவற்றில் உள்ளே எண்ணுகிற பாகம் ஒன்றே ஒன்றுதான். 16 சானல் இருந்தால் ஒவ்வொன்றாகப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வரும், ஒரே தபால்காரர் பதினாறு வீட்டுக்கும் போவதுபோல. 800-ஐ 16-ஆல் வகுத்தால் ஒரு சானலுக்கு விநாடிக்கு 50 பார்வை. தொட்டியின் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் அது ஏராளம். முதலில் அதற்காகத்தான் வாங்கியிருந்தார்கள். பிறகு யாரோ, சானல் காலியாகக் கிடக்கிறதே என்று பம்பின் சென்சார்களை அதில் மாட்டிவிட்டார்கள்.

பழைய புராணப் படங்களில் ரதம் வேகமாக ஓடும்போது சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். சினிமாக் காமிரா விநாடிக்கு 24 படம்தான் எடுக்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் சக்கரத்தின் ஒரு ஆரம், அடுத்த ஆரம் இருந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்து நின்றால், கண் அதைப் பின்னோக்கிய நகர்வு என்று எடுத்துக்கொள்கிறது. எங்கள் பம்பிலும் அதே கதை. விநாடிக்கு 49.5 முறை சுற்றுகிற தண்டை 50 முறை பார்த்தால், ஒவ்வொரு பார்வையிலும் தண்டு ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று முடித்து, ஒரு இம்மி குறைவாக நிற்கும். அந்த இம்மிகளெல்லாம் கூடி, இரண்டு விநாடிக்கு ஒரு அலையாகத் தெரியும். அந்த அலை உலகத்தில் எங்கும் இல்லை, கார்டுக்குள்தான் பிறந்தது.

ஒரு அலையைச் சரியாகப் பிடிக்க அதன் வேகத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சாம்பிள் எடுக்க வேண்டும் என்பது நைக்விஸ்ட், ஷானன் ஆகியோர் பெயரால் வழங்கும் விதி. இசைக்கான சி.டி.யில் விநாடிக்கு 44,100 சாம்பிள் இருப்பதற்குக் காரணம், மனிதக் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பதுதான். டெலிபோனுக்குப் பேச்சு புரிந்தால் போதும், அங்கே 8,000. விதியில் சொல்வது கணக்குக்கான எல்லை. நடைமுறையில் நான் பத்து மடங்கு கேட்பேன். இன்னொன்று: சாம்பிள் எடுத்தபிறகு இந்தப் பொய் அலையை எந்த சாப்ட்வேரும் பிரித்தெடுக்க முடியாது. மாவில் கலந்த உப்பைத் திரும்பப் பொறுக்குவது யார்? வேண்டாத வேகமான அலைகளைத் தடுக்கும் ஃபில்ட்டரைக் கார்டுக்கு முன்னாலேயே, ஒயரிலேயே வைக்க வேண்டும். வாங்கும்போது இதைத்தான் முதலில் சிக்கனம் செய்வார்கள்.

அன்று இரவு சாம்பிள் வேகத்தைச் சானலுக்கு 60 என்று மாற்றினேன். மேடையின் ஆட்டம் விநாடிக்கு 11-க்கும் மேல் தாவியது. பார்க்கிற வேகத்தை மாற்றினால் ஆடுகிற வேகம் மாறுகிறது என்றால், ஆடுவது மேடை அல்ல. மற்ற சானல்களை அணைத்துவிட்டு, முழு 800-ஐயும் ஒரே சானலுக்குக் கொடுத்தேன். தண்டின் சுழற்சி, 48.7, அப்படியே வந்து உட்கார்ந்தது. இரண்டு விநாடி ஆட்டம் போன இடம் தெரியவில்லை.

நான் கொஞ்சம் மிதப்பாகவே இருந்தேன். மேனேஜர் விடவில்லை. "சரி சார், ஆட்டம் பொய். ஆனா ரெண்டு முனையும் எப்படி ஒண்ணா பொய் சொல்லுது?" தண்டின் இரண்டு முனைகள் எழுத்துக்கு எழுத்து ஒரேமாதிரி அசைவது நடக்காத காரியம். அன்று இரவு எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் மறுநாள் காலையில் வந்தது, எலக்ட்ரீஷியன் ஒருவரிடமிருந்து. அறுபதை நெருங்கியவர். குஜராத்தில் பெரியவர்களைக் 'காகா' என்பார்கள். நம் ஊர் காதுக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். காகாவுக்கு நைக்விஸ்ட்டும் தெரியாது, ஷானனும் தெரியாது. "ஒயரைப் பார்த்தீங்களா சாகேப்?" என்றார். பார்க்கவில்லை. பம்பைச் சூட்டுக்காக நிறுத்துகிற ரிலே தனியாக இருந்ததால் கார்டில் கை வைக்கலாம். அவர் ஐந்தாம் சானலின் ஒயரைப் பிடுங்கினார். திரையில் ஐந்தும் படுத்தது. கூடவே ஆறும் படுத்தது.

ஆறாம் சானலின் ஸ்க்ரூவைத் திருகிப் பார்த்தோம். கெட்டியாக முடுக்கியிருந்தது. ஆனால் அது முடுக்கியது ஒயரின் பிளாஸ்டிக் உறையை. உள்ளே செம்பு எதையும் தொடவேயில்லை. அப்படியானால் ஆறில் சைபர்தானே தெரிய வேண்டும்? தெரியாது. அந்த ஒரே தபால்காரரின் பையில் ஐந்தாம் வீட்டு வோல்ட்டேஜ் மிச்சம் இருக்கும், எண்ணுவதற்கு முன் வோல்ட்டேஜைப் பிடித்து வைக்கிற கெப்பாசிட்டரில். ஆறாம் வீட்டில் வாங்கிக்கொள்ள ஆளில்லை என்றால், அந்த மிச்சத்தையே எண்ணிவிட்டுப் போய்விடுவார். அறுந்த சானல் பக்கத்து சானலின் ஆவியாக அலையும். சைபர் காட்டினால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள்.

இதெல்லாம் ஏதோ ஒரு தொழிற்சாலையின் அசட்டை என்று நினைத்துவிட வேண்டாம். 2011 செப்டம்பரில் இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியிலிருந்த ஓபரா என்ற ஆய்வுக் குழு உலகத்தையே திகைக்க வைத்தது. ஜெனீவா பக்கத்து செர்ன் ஆய்வுக்கூடத்திலிருந்து சுமார் 730 கிலோமீட்டர் பூமிக்குள்ளாக வந்த நியூட்ரினோக்கள், ஒளி வர வேண்டிய நேரத்தைவிட 60 நானோவிநாடி முன்னதாக வந்துவிட்டன என்றார்கள். ஒளிக்கே அந்தத் தூரத்துக்கு 2.4 மில்லிவிநாடி ஆகும். அதில் 60 நானோவிநாடி என்பது 18 மீட்டர் முந்துவது. மூன்று வருட அளவுகள், 15,000-க்கும் மேற்பட்ட நியூட்ரினோக்கள். ஐன்ஸ்டைன் போயே போய்விட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. அந்தக் குழு பொறுப்பாகத்தான் பேசியது. எங்கள் தவறு எங்களுக்குத் தெரியவில்லை, நீங்களும் தேடுங்கள் என்றுதான் வெளியிட்டது.

2012 பிப்ரவரியில் தவறு அகப்பட்டது. ஜி.பி.எஸ். கடிகாரத்தின் சிக்னலைக் கம்ப்யூட்டர் பக்கம் கொண்டுவரும் கண்ணாடி இழை ஒயரின் கனெக்டர் சரியாக முடுக்கப்படவில்லை. ஒயர் அறுந்திருக்கவில்லை, வெளிச்சமும் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் குறைவாக வந்தது. குறைந்த வெளிச்சத்தில், 'சிக்னல் வந்துவிட்டது' என்று ரிசீவர் ஒப்புக்கொள்ளும் அளவை எட்டச் சுமார் 73 நானோவிநாடி தாமதமாயிற்று. வீட்டுக் கடிகாரம் பின்தங்கினால் விருந்தாளி சீக்கிரம் வந்ததாகத் தோன்றும் அல்லவா? அதுதான் நடந்தது. எதிர்ப்பக்கம் கொஞ்சம் இழுத்த இன்னொரு கடிகாரப் பிழையும் இருந்தது. அதே மலைக்கடியில் இன்னொரு கருவி இருந்ததால், இரண்டையும் கடந்து போன விண்வெளித் துகள்களின் நேரங்களை ஒப்பிட்டு, 2008-லிருந்து 2011 கடைசிவரை ஓபராவின் கடிகாரம் பின்தங்கியிருந்ததை உறுதி செய்தார்கள். மார்ச்சில் குழுவின் தலைமையில் இருந்த இருவர் பதவி விலகினார்கள். நியூட்ரினோக்கள் ஒளியை முந்தவில்லை.

அறுந்த ஒயர் நல்ல ஒயர், அது தன்னைக் காட்டிக்கொடுக்கும். அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கிற ஒயர்தான் ஆளைக் கவிழ்க்கும். அதனால் அளவுகளோடு வேலை செய்கிற நண்பர்கள் யார் கேட்டாலும் நான் சொல்வது, திரையைப் பார்ப்பதற்கு முன் கார்டை ஏமாற்றிப் பாருங்கள் என்பதுதான். ஒரு சானலின் இரண்டு முனைகளையும் துண்டு ஒயரால் இணையுங்கள், சைபர் வரவேண்டும். கடையில் வாங்கிய புது பென்சில் செல்லை வையுங்கள். ஒன்றரை வோல்ட் அல்லது ஒரு பொட்டு கூடுதலாக வரவேண்டும். சென்சார் பக்கம் ஒரு எர்த், கம்ப்யூட்டர் பக்கம் இன்னொரு எர்த் என்று இரண்டு இடத்தில் தரையைத் தொட்டால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்துவிடும். ஒயரைச் சுற்றிய வலையுறையை ஒரு முனையில் மட்டும் எர்த்தில் கட்டுங்கள். சாம்பிள் வேகத்தை மாற்றிப் பார்த்து, அலையும் கூடவே மாறுகிறதா என்று கவனியுங்கள். எல்லாம் சேர்ந்து அரைமணி நேர வேலை. சுத்தியலும் கடப்பாரையும் அதற்கப்புறம்.

காகா ஆறாம் சானலின் ஒயரை உரித்து, செம்பை முறுக்கி, ஒழுங்காக முடுக்கினார். சாம்பிள் வேகத்தை உயர்த்தி வைத்துப் பார்த்தோம். ஐந்தில் சாதாரண அசைவு. ஆறில் அதைப்போல மூன்று மடங்கு. மேனேஜர் எதுவும் பேசவில்லை. மறுநாள் பம்பை நிறுத்தி, மேடையை விட்டுவிட்டு, அந்த முனையின் பேரிங்கை மட்டும் திறந்தார்கள். உள்ளே பூசியிருந்த வெள்ளை உலோகம் பாதி உரிந்து போயிருந்தது. அந்த ஒயரைக் கடைசியாகக் கழற்றி மாட்டி எட்டு மாதமாகிறது என்று ரெஜிஸ்டரில் இருந்தது. எட்டு மாதமும் அந்த பேரிங்கை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது பக்கத்து முனையை, இரண்டு தடவை.

மேனேஜர் கார்டைப் பார்த்து, "மத்த பதினாலு?" என்றார். அன்று மாலைக்குள் ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டினோம். இன்னும் இரண்டு ஆவிகள் அகப்பட்டன. அதில் ஒன்று, ஒரு தொட்டியின் அழுத்தம். பக்கத்துத் தொட்டியின் அழுத்தத்தைத்தான் அது இத்தனை நாளாகத் தன்னுடையது என்று காட்டிக்கொண்டிருந்தது.