கரைதட்டிய கப்பலும் அதன் படமும்

கண்ணாற் காண்பதும் பொய், காதாற் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் மொழி. புகைப்படக் கலை தோன்றிய பின்னர் இம்முதுமொழிக்கு மதிப்புக் குறைந்துவிட்டதென்று பலர் எண்ணுகின்றனர். படமே சாட்சியாயிருக்க விசாரணை எதற்கு என்பது அவர்தம் கருத்து. அது பொருந்தாக் கருத்தென்பதைப் புகழ்பெற்ற ஒரு படத்தைக்கொண்டே ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேலைக் கரையிலுள்ள ஆரிகன் மாகாணத்தில், கொலம்பியா ஆறு பசிபிக் மாகடலொடு கலக்குமிடத்திற்கு அணித்தே கிளாட்சப் என்னும் மணற்கரை உள்ளது. 1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 25-ஆம் நாள் ‘பீட்டர் ஐரிடேல்’ என்னும் நான்கு பாய்மரக் கப்பல் அக்கரையில் தரைதட்டிற்று. அதன்பின் எடுக்கப்பட்ட படங்களில், அப்பெருங்கலம் யானை படுத்தாற்போல் மணல்மேல் அமர்ந்திருக்கின்றது. பாய்மரங்கள் முறிந்து நிற்கின்றன. முன்னே நல்லுடை அணிந்த ஆடவரும் மகளிரும் திருவிழாக் காண வந்தார்போல் காணப்படுகின்றனர். விபத்திற்கு மறுநாளே, காற்றின் சீற்றம் தணியுமுன்னரே, வேடிக்கை பார்ப்போர் அங்கே திரளத் தொடங்கினர்.

இப்படத்தை முதன்முறை காண்போர் உள்ளத்தில் இரண்டு எண்ணங்கள் எழுவது இயல்பு. எத்தனை உயிர் மாண்டனவோ என்பது ஒன்று. கப்பற்றலைவன் உறங்கினானோ, குடித்திருந்தானோ என்பது மற்றொன்று. இவ்விரண்டும் தவறு. தவறென்பதைப் படம் நமக்குச் சொல்லாது, விசாரணையே சொல்லும்.

‘பீட்டர் ஐரிடேல்’ 1890-இல் இங்கிலாந்திலுள்ள மேரிபோர்ட்டில் கட்டப்பெற்றது. மெக்சிகோ நாட்டின் சலினா குரூஸ் துறைமுகத்தினின்று புறப்பட்டு, சரக்கொன்றுமின்றி, கப்பல் நிலைபெறுதற்கு வேண்டிய பாரம் ஓராயிரம் டன் மாத்திரம் ஏற்றி, போர்ட்லண்ட் நகரில் கோதுமை கொள்ள வந்துகொண்டிருந்தது. அதிலிருந்தவர் 27 பேர். அவருள் இருவர் ஒளிந்து ஏறியவர். விடியற்காலத்தில் டில்லமுக் பாறையின் கலங்கரை விளக்கத்தைக் கண்ட கப்பற்றலைவர் லாரன்ஸ், ஆற்று முகத்துவாரத்தை நோக்கிக் கலத்தைச் செலுத்தினார். மூடுபனி அடர்ந்திருந்தது, நீர்ப்பெருக்கு ஏறிக்கொண்டிருந்தது. கரை நெருங்குவதறிந்து கலத்தைக் கடற்புறம் திருப்ப அவர் முயன்றும், வடமேற்கினின்று மோதிய பெருங்காற்று இடந்தரவில்லை. கப்பல் மணலில் ஏறிற்று. உயிர்காப்புப் படகினர் அலைகளினூடே சென்று அனைவரையும் கரை சேர்த்தனர். ஓருயிரும் சேதமில்லை. அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் அஸ்டோரியா நகரில் கூடிய பிரிட்டிஷ் கப்பல் விசாரணை மன்றம், தலைவர்மீதும் துணை அதிகாரிகள்மீதும் குற்றமில்லையெனத் தீர்த்ததோடு, கலத்தைக் காக்க அவர்கள் செய்த முயற்சியையும் பாராட்டிற்று.

இனிப் படத்தை மீண்டும் நோக்குவோமாக. 27 பேரும் பிழைத்தனர் என்னும் பெருஞ்செய்தி அதில் எங்கே? தம்முயிரைப் பொருட்படுத்தாது துடுப்பு வலித்தோர் எங்கே? அவர்கள் செயலாற்றிய வேளையில் படம்பிடிப்பார் இலர். படம்பிடிப்போர் வந்தபொழுதோ எஞ்சியிருந்தவை இரும்புக் கூடும் வேடிக்கைக் கூட்டமுமே. ஆகவே, உழைத்தோர் மறைய, பார்த்தோர் படத்தில் நிலைபெற்றனர்.

திருமறையில் அப்போஸ்தலர் நடபடிகளின் 27-ஆம் அதிகாரத்தை நம் கல்லூரியார் அறிவர். பவுலடியார் கைதியாகச் சென்ற கப்பல் மெலித்தாத் தீவில் தரைதட்டி உடைந்தது. அதனை எழுதியவர் அக்கப்பலின் அழகையோ அழிவையோ விரித்துரைத்து அமையவில்லை. அதிலிருந்தோர் 276 பேர் என்று எண்ணி எழுதினார். அனைவரும் கரைசேர்ந்தனர் என்றும் எழுதினார். கலம் போயிற்று, கணக்கு நின்றது. மனிதரை எண்ணி வைப்பதே வரலாற்றின் முதற்கடமை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

படம் பயனற்றதென்று நாம் கூறினோமில்லை. அக்கப்பலின் உடல் பெரிதும் சிதையவில்லை என்பதையும், அதனை மீண்டும் கடலுக்குள் இழுத்துவிடலாமென்று அன்று எண்ணியதன் காரணத்தையும் படம் நொடியில் உணர்த்துகின்றது. அம்முயற்சிக்குத் தக்க காலநிலை வாய்க்குமுன் கலம் மணலில் புதைந்தது. 1917-இல் பழைய இரும்பாக விற்கப்பட்டது. இன்று முற்பகுதியும் விலாவெலும்பு போன்ற சில சட்டங்களுமே எஞ்சித் துருவேறி நிற்கின்றன. எனினும், படம் சாட்சியேயன்றித் தீர்ப்பன்று. பதிவேடில்லாத படம் ஊமையின் சாட்சி போல்வது.

இஃது எங்கோ தொலைவிலுள்ள கரையின் செய்தி மாத்திரமன்று. பழைய கல்லூரிகளின் சுவர்களில் தொங்கும் குழுப்படங்களை நோக்குமின். நடுவே முதல்வர், இருமருங்கும் ஆசிரியர், பின்னே மாணவர், ஓரத்தில் மணியடிப்பவரும் விடுதிச் சமையற்காரரும். முன்வரிசையாரின் பெயர்கள் பெரும்பாலும் கிடைக்கும். பின்வரிசையாருக்கு அஃது அரிது. ஓரத்தில் நிற்போருக்கோ அதனினும் அரிது. ஆண்டுதோறும் அடுப்பெரித்து நூற்றுவர்க்கு உணவிட்டவர், பெயரற்ற ஒரு முகமாய்ச் சுவரில் நிற்பது நமக்குப் பெருமையாகுமோ? அவரை அடையாளம் காட்டவல்ல பழைய மாணவர் தொகையும் நாளுக்கு நாள் குறைகின்றது. இன்று கேளாவிடின் பின்னர்க் கேட்டற்கு ஆளிரார்.

ஆதலின் நாம் வேண்டுவது ஒன்றே. பழைய மாணவர் கூடும் நாளில் நம் படங்களை இறக்கி மேசைமேல் வைப்போமாக. வந்தோர் அறிந்த பெயர், பணி, ஆண்டு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் வரிசையாக எழுதுவோமாக. இளைய மாணவர் அருகிருந்து கேட்டு எழுதட்டும். இவ்வாண்டிதழில் வரும் படங்களுக்கும் கடைசி வரிசையின் கடைசி ஆள்வரை பெயர் சேர்ப்பது ஆசிரியர் குழுவின் கடனாகுக. இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு நாட்பொழுதும் ஓர் எழுதுகோலும் போதும்.