முப்பத்துநாலா, ஐம்பத்தெட்டா?

ஏப்ரல், மே வந்துவிட்டால் பி.எஸ்சி. கடைசி வருடப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஒரே பேச்சுதான். எம்.எஸ்சி. எங்கே சேர்ப்பது? சித்தப்பா ஒரு பெயரைச் சொல்வார். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் இன்னொரு பெயரைச் சொல்வார். கடைசியில் யாராவது செல்போனில் தரவரிசைப் பட்டியலைத் திறப்பார்கள். இது 34-வது இடம், அது 58-வது இடம். அப்படியென்றால் 34-தான். முடிந்தது கதை! எம்.எஸ்சி.க்கு இரண்டு வருடம், பிஎச்.டி.யும் அங்கேயே என்றால் இன்னும் ஐந்தாறு வருடம். ஒரு பிள்ளையின் இருபதுகள் முழுவதையும் ஐந்து நிமிடத்தில் முடிவு செய்தாகிவிட்டது.

அந்த நம்பர் எதைச் சொல்கிறது என்று யாராவது பார்த்தார்களா?

மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். பட்டியல் 2016 முதல் வெளிவருகிறது. நூறில் 30 பங்கு கற்பித்தலுக்கும் அதற்கான வசதிகளுக்கும், 30 ஆராய்ச்சிக்கும், 20 படித்து முடித்தவர்களின் நிலைக்கும், 10 எல்லாத் தரப்பினருக்கும் இடம் கொடுப்பதற்கும் போகிறது. மீதி 10 பங்கு, அந்த நிறுவனத்தைப் பற்றி வெளியில் இருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு! இதில் பெரும்பாலான விவரங்களைக் கொடுப்பதும் அந்தந்த நிறுவனமேதான். இன்னொன்றையும் கவனியுங்கள். பொறியியலுக்குத் தனிப்பட்டியல் உண்டு, மருத்துவத்துக்கு உண்டு, சட்டத்துக்கு உண்டு, மேலாண்மைக்கு உண்டு. இயற்பியலுக்கோ வேதியியலுக்கோ தாவரவியலுக்கோ கிடையாது. ஆக, வேதியியல் படிக்கப் போகும் பெண், பொருளாதாரத்துறையும் தமிழ்த்துறையும் சேர்ந்து வாங்கிய மார்க்கைப் பார்த்து வேதியியல் படிக்கச் சேர்கிறாள்.

பி.காம். படிக்கும் எந்தப் பையனைக் கேட்டாலும் இதில் உள்ள ஓட்டையைச் சொல்லிவிடுவான். ஒரு கம்பெனி சிமெண்டும் விற்கிறது, துணியும் விற்கிறது என்று வையுங்கள். மொத்தத்தில் லாபம் என்று பேலன்ஸ் ஷீட் காட்டும். ஆனால் சிமெண்டில் வந்த லாபத்தைத் துணியில் வந்த நஷ்டம் தின்றுகொண்டிருக்கலாம். அதனால்தான் பங்குச்சந்தையில் உள்ள கம்பெனிகள் பிரிவு வாரியாகக் கணக்குக் காட்ட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். பாடத்திலேயே வரும். பத்தாயிரம் ரூபாய்க்குப் பங்கு வாங்குகிறவனுக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. ஏழெட்டு வருட வாழ்க்கையை முதலீடு செய்கிற மாணவிக்கு இல்லை.

அறிவியலில் மேல்படிப்பு என்பது பல்கலைக்கழகத்தில் படிப்பதல்ல. ஒரு துறையில், ஒரு ஆய்வகத்தில், ஒரு ஆசிரியரிடம் படிப்பது. வரலாற்றில் அப்படித்தான் நடந்திருக்கிறது. 1952-ல் ஜி.என். ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பை 1954-ல் வெளியிட்டார். இன்று உலகம் முழுவதும் புரத அமைப்பைச் சரிபார்க்கப் பயன்படும் ராமச்சந்திரன் வரைபடம் 1963-ல் அதே துறையிலிருந்துதான் வந்தது. அந்த வருடங்களில் எக்ஸ்ரே படிகவியல் படிக்க நினைத்த ஒருவனுக்குக் கிண்டியில் இருந்த அந்தத் துறை உலகத்தரமானது. அதே வளாகத்தில் வேறு எந்தத் துறை எப்படி இருந்தது என்பது அவனுக்குத் தேவையே இல்லாத விஷயம்.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனைப் பாருங்கள். பி.எஸ்சி. படித்தது பரோடாவில். 1976-ல் இயற்பியலில் பிஎச்.டி. வாங்கியது அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில். ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு போலப் பெயரைக் கேட்டதும் ஊரே வாயைப் பிளக்கிற இடமல்ல அது. தன் மனம் உயிரியலில் இருக்கிறது என்று தெரிந்ததும், கையில் டாக்டர் பட்டத்தை வைத்துக்கொண்டே சான் டியேகோவில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்தார். பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் ரைபோசோம் ஆராய்ச்சி. 2009-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு. ஒவ்வொரு முறையும் அவரை நகர்த்தியது அடுத்து என்ன கற்க வேண்டும் என்ற கேள்வி.

"எல்லோரும் நோபல் வாங்கப் போகிறார்களா? பெரிய இடம் என்றால் நல்ல கருவி இருக்கும், நல்ல தொடர்புகள் கிடைக்கும்" என்பார்கள். உண்மைதான். பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.யிலோ மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலோ இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். ஆனால் அந்த இடங்கள் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? மீதி ஆயிரக்கணக்கானவர்கள் 34-க்கும் 58-க்கும் நடுவில்தானே நிற்கிறார்கள்? அந்த வித்தியாசத்துக்கு அர்த்தமே இல்லாத இடமும் அதுதான். பெரிய நிறுவனத்திலும் வழிகாட்டி சரியில்லை என்றால் கதை ஒன்றுதான்.

பணத்தைப் பற்றிய பயமும் பாதி தேவையில்லாதது. ஜே.ஆர்.எஃப். தேர்வில் தேறியவருக்கு 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. 34-ல் சேர்ந்தாலும் 58-ல் சேர்ந்தாலும் உதவித்தொகை அதேதான். அப்படியிருக்க, கேட்க வேண்டிய கேள்விகளைத் தைரியமாகக் கேட்கலாமே?

வழிகாட்டிக்கு ஓய்வு எப்போது? ஓய்வுக்கு மூன்று வருடத்துக்கும் குறைவாக இருப்பவர் புது ஆய்வு மாணவரை எடுக்கக் கூடாது என்று யு.ஜி.சி.யின் 2022 விதி சொல்கிறது. அவரிடம் ஏற்கெனவே எத்தனை பேர்? பேராசிரியருக்கு எட்டு, இணைப் பேராசிரியருக்கு ஆறு, உதவிப் பேராசிரியருக்கு நாலு என்பதுதான் உச்சவரம்பு. அவருடைய பழைய மாணவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? ஆய்வேடுகள் 'சோத்கங்கா'வில் இலவசமாகக் கிடைக்கின்றன, எடுத்துப் படிக்கலாம். கையேட்டில் படம் போட்டிருக்கும் அந்த மெஷின் ஓடுகிறதா, துணி போர்த்தி வைத்திருக்கிறதா? துறையில் எத்தனை நிரந்தர ஆசிரியர் இடங்கள் காலி?

பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டாம். அப்பா ஒரு போன் போட்டால் போதும், "அந்த ஆளிடம் மாட்டாதே, இவரிடம் போ" என்று விஷயம் வந்துவிடும். சங்கரன்கோவிலில் தறி நெய்கிற வீட்டிலிருந்து முதல் பட்டதாரியாக வருகிற பெண்ணுக்கு அந்த போன் கிடையாது. அவள் கையில் இருப்பது அந்தப் பட்டியல் மட்டும்தான். அது அவளிடம் உண்மையைச் சொல்வதில்லை. தரவரிசை மோகத்துக்கு முதல் பலி, விவரம் தெரிந்தவர்கள் யாரையும் தெரியாத பிள்ளைகள்தான்.

எனவே குறை பெற்றோரிடம் மட்டும் இல்லை. பங்குச்சந்தையில் உள்ள கம்பெனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்டுகிறது. பல்கலைக்கழகத்தின் ஒவ்வொரு அறிவியல் துறையும் வருடத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு பக்கம் வெளியிடட்டும். ஆசிரியர்கள் யார், காலியிடம் எத்தனை, போன ஐந்து வருடத்தில் முடிந்த ஆய்வேடுகள் எவை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை வருடம் ஆனது, எத்தனை பேர் பாதியில் விட்டுப் போனார்கள், எந்தக் கருவி வேலை செய்கிறது. அவ்வளவுதான். இதை வெளியிட மறுக்கிற துறையில் என்ன நடக்கிறது என்பதை அந்த மறுப்பே சொல்லிவிடும்.

அதுவரை ஒரு வேலை செய்யலாம். விண்ணப்பம் போடும் முன் ஒரு நாள் பஸ் ஏறி அந்தத் துறைக்கே போய், அங்கே இரண்டாம் வருடம் படிக்கிற நாலு பேரைக் கேன்டீனில் பிடித்துப் பேசிவிட்டு வரலாம். தரவரிசையில் இல்லாத கணக்கெல்லாம் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் வெளியே வந்துவிடும்.