கத்தி இல்லை, ஆபத்தும் இல்லையா?



கத்தி என்றால் அஞ்சுகிறோம்; ஊசி என்றால் அவ்வளவாக அஞ்சுவதில்லை. மனிதனின் இந்த இயல்பை நன்கறிந்தவர்கள்தாம், அறுவை இல்லை, தழும்பு இல்லை, ஊசியிலேயே கொழுப்பு கரைந்துவிடும் என்று விளம்பரம் செய்கிறார்கள். இதில் உண்மை எவ்வளவு, மறைக்கப்படுவது எவ்வளவு என்று ஆராய்வது அறிவுடையோர் கடமையன்றோ? பசியைக் குறைத்து எடையைக் குறைக்கும் ஊசிகள் வேறு. ஓரிடத்துக் கொழுப்பை அவ்விடத்திலேயே அழிக்கப் போடப்படும் ஊசிகளைப் பற்றியே இங்குப் பேசுகிறோம்.

2000ஆம் ஆண்டையொட்டிய காலத்தில், சோயாவிலிருந்து எடுக்கப்படும் ஒரு பொருளைக் கொண்ட மருந்தைப் பிரேசில் நாட்டு அழகு நிலையங்களில் கொழுப்பைக் கரைக்க ஊசியாகப் போட்டு வந்தனர். வேறு நோய்களுக்கென ஏற்பட்ட மருந்து அது. அந்நாட்டுச் சுகாதார ஆணையம் அழகுக்காக அதைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. பின்னர் 2004இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு விந்தையைக் கண்டறிந்தனர். மருந்தின் மூலப்பொருளைக் காட்டிலும், அதைக் கரைப்பதற்காகச் சேர்க்கப்பட்ட பித்த உப்பே முக்கியமாகக் கொழுப்பை அழித்து வந்தது! எது வேலை செய்கிறது என்று அறியாமலேயே எத்தனை உடல்களில் ஊசி ஏற்றப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்தப் பித்தப் பொருளே டிஆக்ஸிகோலிக் அமிலம். அது உயிரணுவின் சவ்வைக் கிழித்து அணுவை அழிக்கிறது. ஆனால் இது கொழுப்பணு, இது தோல், இது நரம்பு என்று பிரித்தறியும் ஆற்றல் அதற்கு இல்லை. எங்கே செலுத்துகிறோம், எவ்வளவு ஆழத்தில் செலுத்துகிறோம் என்பதில்தான் நன்மையும் தீமையும் அடங்கியிருக்கின்றன.

ஆகவேதான் அமெரிக்க உணவு மருந்து ஆணையம் 2015இல் 'கைபெல்லா' என்ற பெயரில் இதற்கு இசைவளித்தபோது எல்லை வகுத்தது. வயது வந்தோரின் மோவாயின் கீழுள்ள கொழுப்புக்கு, அதாவது இரட்டை நாடிக்கு மட்டுமே அனுமதி. ஒரு முறைக்கு 50 ஊசிக்குத்துகள் வரை. ஒரு மாத இடைவெளியேனும் விட்டு, 6 முறை வரை. வீக்கம், வலி, கன்றிப்போதல் ஆகியவை மிகுதி. சோதனைகளில் 100 பேரில் 4 பேருக்குத் தாடை நரம்பு பாதிக்கப்பட்டுச் சிரிப்புக் கோணியது. பின்னர் அது சரியாயிற்று. பயிற்சி பெற்ற கைகளிலேயே நிலை இதுவென்றால், பயிற்சியற்ற கைகளில் என்னவாகும்?

அதையும் உலகம் கண்டுவிட்டது. இசைவு பெறாத மருந்துகளைக் கை, தொடை, வயிறு என்று பல இடங்களிலும் போட்டுக்கொண்டவர்களுக்கு நிரந்தரத் தழும்பு, கடும் தொற்று, தோல் உருக்குலைவு, வலிமிக்க கட்டிகள் ஏற்பட்டதாக அதே ஆணையம் 2023இல் எச்சரித்தது. அவர்களுள் சிலர் உரிமம் இல்லாதவர்களிடம் போட்டுக்கொண்டவர்கள். சிலர் இணையத்தில் வாங்கித் தமக்குத் தாமே குத்திக்கொண்டவர்கள்.

இத்தனை துன்பமும் உடல்நலத்துக்காகவா? 2004இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், உடல் பருத்த 15 பெண்களுக்கு அறுவையின் மூலம் ஏறத்தாழ 10 கிலோ கொழுப்பு உறிஞ்சி எடுக்கப்பட்டது. சில மாதங்கள் சென்றும் இன்சுலின் செயற்பாடோ இரத்த அழுத்தமோ சீர்படவில்லை. தோலுக்கடியில் அத்தனை கிலோ போயும் நேராத நன்மை, மோவாயின் கீழ் சில துளி மருந்தினால் நேருமா? இது அழகுக்கான சிகிச்சை; நோய்க்கு மருந்தன்று.

உடல் நமக்கு இறைவன் அளித்த அமானிதம் என்று நம்புகிறோம். அப்படியாயின் அதனுள் செல்வது எது, எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று கேட்கும் பொறுப்பும் நமக்குண்டு. பித்த அமிலத்தை மிருகத்தின் பித்தத்திலிருந்தும் எடுக்கலாம். இசைவு பெற்ற மேற்சொன்ன மருந்தோ செயற்கையாகத் தயாரிக்கப்படுவது. பெயரறியாக் குப்பிக்குள் இருப்பது எது என்று யார் உறுதி கூறுவார்?

ஊசியை நாடுவோரை ஏளனம் செய்வதும் முறையாகாது. பெண் பார்க்கச் சென்ற இடத்தில் தாடையைக் குறை கூறும் நாவும், நண்பனின் வயிற்றைத் தட்டிச் சிரிக்கும் கையும் அல்லவா பலரை அங்கே துரத்துகின்றன? முதலில் அந்த நாவையும் கையையும் அடக்குவோம்.

அதற்குப் பின்னும் வேண்டும் என்போர், மருந்தின் பெயர் என்ன, எந்த இடத்துக்கு அதற்கு இசைவு உண்டு, போடுபவர் தகுதி பெற்ற மருத்துவரா, தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற நான்கையும் கேட்டறியட்டும். விடை சொல்லத் தயங்குமிடத்தில் ஒரு கணமும் தங்க வேண்டாம்.